சித்தர் கிளாஸை மேசையில் இறக்கும் முன்

விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கீழ்பென்னாத்தூர் வந்துசேரும் பிள்ளைகள் சிலர் கூடி உட்கார்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர ஆட்டம் ஆடுகிறார்கள். இந்த முறை அவர்களே எழுதிய புது கிளாஸ் (கதாபாத்திர வகை) ஒன்றும் வந்திருக்கிறது: சித்தர். திருவண்ணாமலைக்குப் பக்கத்து ஊரில் இந்த எண்ணம் தோன்றாவிட்டால்தான் வியப்பு. இடைக்காடர் அடங்கிய தலம் அது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். எண்ணத்தில் குறையே இல்லை. எழுதியிருக்கும் விதிகள்தான் கவலை தருகின்றன.

அணிமா தொடங்கி வசித்துவம் வரை எட்டு சித்திகளையும் மூன்றாம் லெவலுக்குள் கொடுத்துவிட்டார்கள், ஒவ்வொன்றும் நாளுக்கு ஒரு முறை. அணுவாய்ச் சிறுத்துப் பூட்டுத் துளையில் நுழைபவர் இருக்கும்போது திருடன் கிளாஸுக்கு என்ன வேலை? மலையாய்ப் பெருத்து நிற்பவர் பக்கத்தில் வாள்வீரன் எதற்கு? லகிமாவால் இவர் மூன்றாம் லெவலிலேயே பறக்கிறார். ஐந்தாம் பதிப்பில் மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் கிடைப்பது ஐந்தாம் லெவலில். அதுவும் பத்து நிமிடம்தான். அடி வாங்கிக் கவனம் சிதறினால் கீழே விழ வேண்டியதுதான். அந்த விலை எதுவும் சித்தருக்கு இல்லை.

சமநிலை எதற்கு, நம் ஆடுபுலி ஆட்டத்தில் மட்டும் இரு பக்கமும் சமமா என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடு சூழ்ந்து அடைக்கும். பலம் ஒன்றல்ல. ஆனாலும் அங்கே ஒருவரை எதிர்த்து ஒருவர் ஆடுகிறார்; அடுத்த ஆட்டத்தில் புலியை ஆண்டவர் ஆட்டை எடுத்துக்கொள்ளலாம். 4 புலியும் 20 ஆடும் கொண்ட நேபாளத்துப் பாக்சால் ஆட்டத்தை யூ ஜின் லிம், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் அலசினார்கள். இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று முடிவு வந்தது. வேறுபட்ட பலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு என்பதற்கு இது சாட்சி. கதாபாத்திர ஆட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கம். எடுத்த கிளாஸை மாதக்கணக்கில் சுமக்க வேண்டும். ஆடாக உட்கார்ந்தவருக்குப் புலியாகும் முறை வருவதே இல்லை.

இதை நான் அனுமானமாகச் சொல்லவில்லை. 2020இல் வந்த 'தாஷா'ஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்' புத்தகத்தில் ட்வைலைட் கிளெரிக் என்ற பிரிவு இருக்கிறது. இரண்டாம் லெவலிலேயே அது முப்பது அடி ஆரத்துக்கு ஒரு காப்பு வட்டத்தை விரிக்கும். வட்டத்துக்குள் தன் முறையை முடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஆறுமுகப் பகடையோடு கிளெரிக்கின் லெவலைக் கூட்டித் தற்காலிக ஹிட் பாயிண்ட் (உயிர் எண்ணிக்கை) கொடுக்கலாம். சராசரி 5.5. நான்கு பேருக்கு ஒரு ரவுண்டில் சராசரி 22. இப்படிப் பத்து ரவுண்டு. அந்த லெவலில் ஒரு வாள்வீரனின் மொத்த உயிரே 20 சொச்சம்தான். காப்ளின் போன்ற சிறு எதிரி வெட்டினால் சராசரியாக 5 போகும். அடுத்த முறை முடிவதற்குள் அது திரும்ப வந்துவிடும். ஆக, காப்ளின்களை அனுப்பிப் பயனில்லை என்று டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், பெரிய எதிரியான ஓகரை அனுப்புகிறார். ஓகரின் ஓர் அடி சராசரி 13. கிளெரிக் ஆடும் பிள்ளைக்கு அன்று பஸ் கிடைக்கவில்லை என்று வையுங்கள். மந்திரவாதிக்கு 14 உயிர் இருந்தாலே அதிகம். ஒரே அடியில் அவர் தரையைத் தொடலாம்.

மிகையான கிளாஸ் செய்யும் கேடு இப்படித்தான் வருகிறது. அதை வைத்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. அவருக்கு ஈடுகொடுக்க டிஎம் எதிரியைப் பெருக்குவார், பெருத்த எதிரி மற்றவரைக் கொல்வான்.

இன்னொரு கேடு சத்தமில்லாதது. 1974இல் வெளிவந்த முதல் பதிப்பில் வீரன், மந்திரவாதி, குருமார் என மூன்றே கிளாஸ். 1975இல் 'கிரேஹாக்' துணைநூலில் திருடன் சேர்ந்தான். அதுவரை யார் வேண்டுமானாலும் பதுங்கிப் பார்க்கலாம், டிஎம் ஏதோ ஒரு தீர்ப்புச் சொல்வார். திருடனுக்கென்று சதவீதம் எழுதியதும் பதுங்குவது அவன் சொத்து என்று பல மேசைகளில் ஆகிப்போனது. அவனாவது அதில் கெட்டிக்காரனா? 1981 பேசிக் தொகுப்பில் முதல் லெவல் திருடன் நிழலில் ஒளிய 100க்கு 10, பூட்டைத் திறக்க 15. மற்றவரிடமிருந்து பறித்ததும் நடந்தது, பறித்தவனுக்கு நிறைவாகக் கொடுக்காததும் நடந்தது. சித்தருக்கு மூலிகை ஞானம், ரசவாதம் என்று தனித் திறன் எழுதும்போது, அதுவரை மூலிகை தேடிக்கொண்டிருந்த ட்ரூயிட் கிளாஸ்காரர் என்ன ஆவார் என்று யாராவது கேட்டார்களா?

ஒருவரே இரு கிளாஸ்களைக் கலப்பதையும் பார்க்க வேண்டும். 2017இல் வந்த ஹெக்ஸ்பிளேட் என்ற உட்பிரிவைத் தனியாக எடுத்தால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் முதல் லெவலிலேயே வாள் வீச்சைக் கவர்ச்சி மதிப்பால் கணக்கிட விட்டது. நடுத்தரக் கவசமும் கேடயமும் கொடுத்தது. பாலடின் ஆடுபவர்கள் அந்த ஒரு லெவலை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டார்கள். 2024 விதிநூலில் எல்லாக் கிளாஸுக்கும் உட்பிரிவு மூன்றாம் லெவலுக்குத் தள்ளப்பட்டது. சித்தரின் முதல் லெவலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடுபவரை இந்த வரைவு எங்கேயும் தடுக்கவில்லை.

'நாளுக்கு ஒரு முறைதானே' என்ற சமாதானமும் நிற்காது. 2014 டிஎம் நூல் ஒரு குழு ஒரு நாளில் ஆறு முதல் எட்டுச் சண்டை வரை தாங்கும் என்று கணக்கிட்டது. விடுமுறை மேசையில் ஒரு மாலைக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. எட்டு சித்தியையும் ஒரே சண்டையில் கொட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஓய்வில்லாமல் நாள் முழுக்க வெட்டுவதுதான் வாள்வீரனின் பெருமை. அந்த நாள் அவனுக்கு வாய்ப்பதே இல்லை.

ஆட்டத்தை வெளியிடும் நிறுவனமே தடுமாறிய இடம் இது. 2017இல் மிஸ்டிக் என்ற மனோசக்தி கிளாஸைச் சோதனைக்கு விட்டது. எல்லா வேலையையும் அது ஒன்றே செய்கிறது என்ற புகார் ஓயவில்லை. அது எந்த விதிநூலிலும் இடம்பெறவில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு இதையே செய்பவர்களால் முடியாததை ஒரு விடுமுறையில் முடிக்க நினைக்கக் கூடாது.

எட்டு சித்தியில் முதலில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மீதியை மேல் லெவல்களுக்குப் பரப்புங்கள். முதல், ஐந்தாம், பதினொன்றாம் லெவல்களில் ஒரே சண்டையைச் சித்தரோடு ஒரு முறையும் அவரில்லாமல் ஒரு முறையும் ஓட்டுங்கள். ஒரே நாளில் மூன்று சண்டை அடுத்தடுத்து வைத்தும் பாருங்கள். எவ்வளவு அடி விழுந்தது என்று மட்டும் எழுதினால் போதாது. எத்தனை ரவுண்டில் மற்ற மூவர் செய்தது சண்டையின் போக்கை மாற்றியது என்றும் எழுதுங்கள். அந்த எண் சித்தர் வந்ததும் பாதியாகக் குறைந்தால், பொங்கலுக்குத் தொடங்கும் கேம்பெய்னில் அவர் வேண்டாம். சித்திரைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.