‘எந்த மாநிலம்?’ – ஆக்கிப் படம் நடத்தும் பாடம்

மைதானத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். புதிய பயிற்சியாளர் ஒவ்வொருவரையும், நீ யார் என்று கேட்கிறார். பெயரையும் மாநிலத்தையும் சொன்னவர்கள் எல்லாரும் வெளியே அனுப்பப்படுகிறார்கள். கடைசியில் ஒருத்தி தன் பெயரோடு இந்தியா என்று சேர்த்துச் சொல்கிறாள். பயிற்சியாளர் எதிர்பார்த்த பதில் அதுதான்.

2007-ம் ஆண்டு வெளிவந்த ‘சக் தே இந்தியா’ என்ற இந்திப் படத்தில் வரும் காட்சி இது. ஷிமித் அமீன் இயக்கிய இந்தப் படத்தில் பெண்கள் ஆக்கி அணியின் பயிற்சியாளர் கபீர் கானாக ஷாருக் கான் நடித்தார்.

இப்படிப்பட்ட படத்தை வகுப்பில் போட்டுக் காட்டி, கதையை எழுதி வா என்றால் நாற்பது பிள்ளைகளும் ஒரே கதையைத்தான் எழுதுவார்கள். பாத்திரங்களை அவர்கள் தாங்களே புரிந்துகொள்ள வேறு வழி உண்டு.

காலணிப் பெட்டி போதும்

வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு வீராங்கனையைக் கொடுக்க வேண்டும். காலணி வாங்கிய பழைய அட்டைப் பெட்டி ஒன்றே அவளுடைய பயணப் பெட்டி. அதற்குள் பெயர், ஊர், ஆடும் இடம் எழுதிய அட்டை, அவள் வீட்டுக்கு எழுதும் கடிதம், ஆட்ட நாட்குறிப்பு, அவள் விட்டுப் பிரியாத மூன்று பொருள்கள் இருக்க வேண்டும். செலவு அதிகமில்லை.

நிபந்தனை ஒன்றே. எழுதுவதற்கெல்லாம் படத்தில் ஆதாரம் காட்ட வேண்டும். சண்டிகர் பிரீத்தி கர்வக்காரி என்று எழுதினால் போதாது. எந்தக் காட்சியில் என்று சொல்ல வேண்டும். அவளை மணக்கவிருக்கும் கிரிக்கெட் வீரன் அவளுடைய ஆட்டத்தை இளக்காரமாகப் பேசுவதையும் சேர்த்துப் பார்த்தால், கர்வம் என்று நினைத்தது வேறாகத் தெரியும்.

ஹரியானாக் கோமலும் பிரீத்தியும் கோல் போடுவதில் போட்டிக்காரர்கள். ஒருத்திக்கு ஒருத்தி பந்தைக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் இறுதி ஆட்டத்தில் கோமல் பந்தைப் பிரீத்திக்குத் தட்டிவிடுகிறாள். அன்று இரவு நாட்குறிப்பில் என்ன எழுதியிருப்பாள்? அதைப் படம் சொல்லவில்லை. பிள்ளைதான் சொல்ல வேண்டும்.

யாரும் கேட்காத பாத்திரம்

பிந்தியா நாயக்கை எடுத்துக்கொள்ளப் பிள்ளைகள் தயங்குவார்கள். தலைவி பதவி கிடைக்காத கோபத்தில் பயிற்சியாளருக்கு எதிராக மற்றவர்களைத் திரட்டியவள் அவள். ஆனால் கொரியாவுடன் நடக்கும் ஆட்டத்தில் எதிரணியின் கட்டுக்காவலை உடைப்பதும் அவள்தான். பல ஆண்டு உழைத்தும் பதவி உயர்வு தவறிப்போனவரின் மனம் எப்படி இருக்கும் என்று அலுவலகத்துக்குப் போகும் அப்பாவைக் கேட்டால் தெரியும். அந்தக் கடிதத்தை எழுதும் மாணவனுக்கு, கெட்டவள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது என்பது புரிந்துவிடும்.

நிழலும் நிஜமும்

1982 டெல்லி ஆசியப் போட்டி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1-7 என்று இந்தியா தோற்றபோது கோல் காத்தவர் மிர் ரஞ்சன் நேகி. நாட்டைக் காட்டிக் கொடுத்தவர் என்ற பழியைச் சுமந்த அவரே இந்தப் படத்தின் நடிகைகளுக்கு ஆக்கி கற்பித்தார். படத்தில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வெல்கிறார்கள். நிஜத்தில் அவர்கள் வென்றது 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில், இங்கிலாந்தைத் தோற்கடித்துப் பெற்ற தங்கம். எது கற்பனை, எது நடந்தது என்று இரண்டு பத்தியில் எழுதச் சொன்னால் அதுவும் ஒரு பாடம்.

நம் பிள்ளைகளுக்கு

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தப் படத்தில் இன்னொரு காட்சி முக்கியம். பெயர் பதிவு செய்யும் இடத்தில் ஆந்திரப் பெண்ணிடம், தமிழுக்கும் தெலுங்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறார்கள். பஞ்சாபிக்கும் பீகாரிக்கும் உள்ளதுதான் என்று அவள் திருப்பிக் கொடுக்கிறாள். மிசோரம் மேரியையும் மணிப்பூர் மோலியையும் விருந்தாளிகள் என்கிறார்கள். சொந்த நாட்டில் விருந்தாளியா என்று அவர்களுக்கு வருத்தம். பின்னர் இந்த இருவரிடம் உணவு விடுதியில் சிலர் வம்பு செய்யும்போதுதான் அணி முழுவதும் முதன்முறையாக ஒன்று சேர்கிறது.

மும்பைத் தெருவில் ‘மதராசி’ என்று கூப்பிடப்பட்ட பிள்ளைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மாநிலத்தைச் சொல்லாதே என்று பயிற்சியாளர் சொல்கிறார். மாநிலத்தை மறக்கவிடாமல் பதிவு மேஜை கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் பிள்ளை என்ன பதில் சொல்வது?

தன்ராஜ் பிள்ளையின் வாழ்க்கை இதற்கு உதவும். புனே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஆயுதத் தொழிற்சாலைக் குடியிருப்பின் மைதானப் பராமரிப்பாளர். உடைந்த மட்டைகளைக் கட்டி ஆடிப் பழகிய அந்தப் பையன், 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைவரானார். பிறந்தது ஓர் ஊர், பேசுவது வீட்டு மொழி, ஆடியது நாட்டுக்கு. மூன்றில் எதையும் அவர் விட வேண்டியிருக்கவில்லை.

வீராங்கனைகளின் பெட்டிகள் முடிந்த பிறகு, கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வெற்று அட்டை கொடுக்க வேண்டும். பெயர், பெற்றோரின் ஊர், தான் பிறந்த ஊர், ‘நீ யார்?’ என்ற கேள்வி ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். எழுதியதை வீட்டுக்குக் கொண்டு வரும்போது, ஷிப்டு முடிந்து களைத்து வந்திருந்தாலும் அப்பா அதை வாங்கி ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும்.