சர்க்கரைப் போர்வையும் இரண்டு வயது எல்லையும்

கோலார் தங்கவயலில், 1940 முதல் 1946 வரை 7,653 சுரங்கத் தொழிலாளர்களைச் சோதித்தபோது, அவர்களில் 3,402 பேருக்குப் பாறைத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் நோய் இருப்பது தெரியவந்தது. இவ்வாறு சேதமுற்ற நுரையீரலில் நிமோனியா எளிதில் பற்றும் என்பதாலும், நெருக்கமான குடியிருப்புகளில் மூச்சுவழி பரவும் கிருமிகளுக்குத் தடையில்லை என்பதாலும், தங்கச் சுரங்கங்கள் நிமோனியா ஆய்வுக்கு உரிய களங்களாகவே இருந்துவந்துள்ளன. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ராபர்ட் ஆஸ்ட்ரியன் 1970களில் நடத்திய சோதனையில், நிமோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து பிரித்தெடுத்த சர்க்கரைப் பொருளே தடுப்பூசியாகச் செயல்பட்டு நோயைப் பெருமளவு குறைத்தது. அதன் விளைவாக 1977இல் 14 வகைச் சர்க்கரைகள் கொண்ட தடுப்பூசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் வளர்ந்தவர்களைக் காத்த அந்த ஊசி, நிமோனியாவால் மிகுதியாக உயிரிழக்கும் கைக்குழந்தைகளுக்கு ஏறத்தாழப் பயனற்றதாக இருந்தது.

இதற்குக் காரணம் குழந்தையின் பொதுவான பலவீனம் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் அதே குழந்தை டெட்டனஸ் தடுப்பூசியில் உள்ள புரதத்துக்கு ஆறு வாரத்திலேயே எதிர்ப்பொருளை, அதாவது கிருமியை அடையாளங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதத்தை, உருவாக்கத் தொடங்குகிறது. எதிர்ப்பொருளைச் சுரப்பவை பி அணுக்கள். அவற்றைத் தூண்டி, நினைவாற்றல் கொண்டவையாக முதிரச் செய்பவை டி அணுக்கள். டி அணுக்களால் பொதுவாகப் புரதத் துண்டுகளை மட்டுமே அடையாளங்காண முடியும் என்பதால், ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரும் நீண்ட பல்சர்க்கரைச் சங்கிலியைச் சந்திக்கும் பி அணு, அவற்றின் துணையின்றித் தனித்தே செயல்பட வேண்டியிருக்கிறது. இப்பணிக்கு உகந்த பி அணுக்கள் மண்ணீரலின் விளிம்புப் பகுதியில் இருக்கின்றன. குழந்தை பிறந்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வரை அப்பகுதி முதிர்ச்சியடைவதில்லை. சர்க்கரைக்கு எதிராகப் பெரியவர்கள் மிகுதியாகச் சுரக்கும் ஐஜிஜி2 என்ற எதிர்ப்பொருள் வகையும் குழந்தைகளிடம் மெதுவாகவே பெருகுகிறது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே வரும் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் கரைந்துவிட, குழந்தையின் சொந்த உற்பத்தி தொடங்கும்வரை ஓர் இடைவெளி விழுகிறது. ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்ஸா பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் இவ்விடைவெளியிலேயே வருகிறது என்பதை ஃபாதர்கில், ரைட் ஆகியோர் 1933இல் காட்டினர்.

இந்த வளர்ச்சி எல்லாச் சர்க்கரைகளுக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதே இத்துறையின் மிகச் சுவையான பகுதி. நிமோகாக்கஸின் 3ஆம் வகைக்குக் குழந்தை முன்னதாகவே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது; 6பி, 23எஃப் போன்ற வகைகளுக்குப் பல ஆண்டுகள் தாமதிக்கிறது. ஃபின்லாந்தில் 1974இல் நடந்த பெரும் சோதனையில் ஹீமோஃபிலஸ் சர்க்கரைத் தடுப்பூசி ஒன்றரை வயதைக் கடந்தவர்களையே காத்தது. ஊசி எதுவும் இல்லாமலே உடல் சர்க்கரையை எதிர்க்கக் கற்பதற்கு அன்றாடச் சான்று இரத்த வகை: ஏ, பி வகைக்கு எதிரான பொருள்கள் பிறப்பில் இராமல், குடல் பாக்டீரியாக்களிலுள்ள ஒத்த சர்க்கரைகளின் தூண்டுதலால் மூன்று முதல் ஆறு மாதங்களில் தோன்றி, ஐந்து முதல் பத்து வயதுக்குள் முழு அளவை எட்டுகின்றன. கிருமியற்ற சூழலில் வளர்ந்த கோழிக்குஞ்சுகளில் பி வகைக்கு எதிரான பொருள் தோன்றாததை ஸ்பிரிங்கர் குழுவினர் 1959இல் கண்டது, இக்கருத்துக்கு வலுச்சேர்த்தது.

வயது முதிரும்வரை காத்திராமல் தடையைத் தாண்டும் வழி 1930ஆம் ஆண்டையொட்டியே தெரிந்திருந்தது என்பது வியப்புக்குரியது. சர்க்கரையைப் புரதத்துடன் வேதியியல் முறையில் பிணைத்தால் எதிர்ப்பு உண்டாகும் என்று ஏவரியும் கோபெலும் அப்போதே காட்டியிருந்தனர். அரை நூற்றாண்டுக்குப் பின் ஷ்னீர்சன், ராபின்ஸ் ஆகியோரும், தனியே ஆண்டர்சன், ஸ்மித் ஆகியோரும் அக்கருத்தைக் குழந்தைகளுக்கான தடுப்பூசியாக வளர்த்தனர். சர்க்கரையைப் பற்றும் பி அணு, அதோடு ஒட்டிய புரதத்தையும் விழுங்கித் துண்டாக்கி டி அணுவிடம் காட்டுவதால், தாலிக்கயிற்றில் கோத்த மணிபோல் சர்க்கரையும் புரதத்தின் உரிமையைப் பெற்று, நினைவும் ஊக்க ஊசிக்குக் கிடைக்கும் மறுமொழியும் கைகூடுகின்றன.

இந்தியாவில் ஹீமோஃபிலஸுக்கான இவ்வகை இணைப்புத் தடுப்பூசி 2011 டிசம்பரில் ஐந்து தடுப்பூசிகள் ஒன்றிணைந்த பென்டாவேலன்ட் ஊசி வடிவில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமாகிப் பின் கர்நாடகம் உள்ளிட்ட பிற மாநிலங்களை எட்டியது. டைஃபாய்டு கிருமியின் வை என்னும் சர்க்கரையை டெட்டனஸ் புரதத்துடன் பிணைத்து ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் உருவாக்கிய ஊசியை ஆறு மாதக் குழந்தைக்கும் செலுத்த முடிகிறது. பிணைக்காத பழைய வை ஊசியோ இரண்டு வயதுக்குமேல்தான் உரியது. நிமோகாக்கஸ் இணைப்பு ஊசி 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் விரிந்து, இப்போது ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் எனப் போடப்படுகிறது. ஒன்பதாம் மாத ஊசிதான் பிணைப்பு உண்டாக்கிய நினைவைத் தூண்டி எதிர்ப்பொருளை மேலும் உயர்த்துவது என்பதால், முதல் இரண்டோடு நிறுத்திவிட்டால் குழந்தை பயனில் ஒரு பகுதியை இழக்கிறது.

நூறு வகைகளுக்குமேல் உள்ள நிமோகாக்கஸில் எவற்றின் சர்க்கரையைச் சேர்ப்பது என்பது இன்னும் முடியாத வழக்கு. சீரம் நிறுவனத்தின் பத்து வகை ஊசியில், இந்தியா போன்ற நாடுகளில் மிகுந்து காணப்படும் 1, 5 ஆகியவை இடம்பெற்றுள்ளன. சேர்க்கப்பட்டவை ஒடுங்கும்போது சேர்க்கப்படாதவை தலையெடுப்பதை அமெரிக்காவில் 19ஏ வகை காட்டியதால், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்ற ஆய்வகங்கள் நோயாளிகளிடமிருந்து கிடைக்கும் கிருமிகளை வகைபிரிக்கும் பணியைத் தொடர்கின்றன.