பக்கத்து வீடு என்ன விலைக்குப் போச்சு?

2016 பிப்ரவரி கடைசியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வீடு ஒன்று 10.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே வீட்டுக்கு ‘ஸில்லோ’ இணையதளம் போட்டு வைத்திருந்த மதிப்பு சுமார் 17.5 லட்சம் டாலர். விற்றவர் ஸ்பென்சர் ராஸ்காஃப், ஸில்லோவின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி. ஊரார் வீட்டுக்கெல்லாம் விலை சொல்கிற கணினி, முதலாளி வீட்டுக்கே ஏழு லட்சம் டாலர் கூட்டிச் சொல்லிவிட்டது.

பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. ஆனால் அந்தக் கணினி எப்படி விலை சொல்கிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று பார்த்தால் கேலியைவிட அது சுவாரஸ்யமாக இருக்கும்.

ஸில்லோ வருவதற்கு முன்பு அமெரிக்காவில் வீட்டு விலை விவரம் தரகர்களின் கைக்குள் இருந்தது. 19-ம் நூற்றாண்டின் கடைசியிலேயே அங்குள்ள தரகர்கள் ஓரிடத்தில் கூடி, ‘என் கையில் இருக்கும் வீட்டை நீ விற்றுக் கொடு, கமிஷனில் பங்கு தருகிறேன்’ என்று பட்டியல்களைப் பரிமாறிக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். அதுவே வளர்ந்து எம்.எல்.எஸ். எனப்படும் கூட்டுப் பட்டியல் ஆனது. எந்த வீடு விற்பனைக்கு வந்தது, என்ன விலை கேட்டார்கள், எத்தனை நாள் கிடந்தது, கடைசியில் என்ன விலைக்கு முடிந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும். முழு விவரமும் உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியே வந்த ரிச் பார்ட்டனும் லாயிட் ஃபிரிங்க்கும் 2006-ல் இந்த வேலிக்கு வெளியே கடை போட்டார்கள். நாலு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு ‘ஸெஸ்டிமேட்’ என்ற பெயரில் உத்தேச விலை போட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்றார்கள். முதல் நாளே கூட்டம் தாங்காமல் தளம் படுத்துவிட்டது. பக்கத்து வீடு என்ன பெறும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எல்லா ஊர்க்காரர்களுக்கும் உண்டு.

கணக்கின் அடிப்படை பழையது. வீட்டின் விலை என்பது அதன் குணங்களின் விலைகளை எல்லாம் கூட்டி வருவது என்பார்கள் பொருளாதார அறிஞர்கள். 1974-ல் ஷெர்வின் ரோசன் இதற்கு முறையான கோட்பாட்டை எழுதினார். இரண்டாவது குளியலறையைத் தனியாக யாரும் விற்பதில்லை. ஆனால் ஒரே பகுதியில், ஏறக்குறைய ஒரே அளவில், ஒரு குளியலறை உள்ள வீடுகளும் இரண்டு உள்ளவையும் ஆயிரக்கணக்கில் விற்றிருந்தால், அந்த இரண்டாவது குளியலறைக்கு மக்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைக் கணக்கில் பிரித்தெடுத்துவிடலாம். சதுர அடி, கட்டிய ஆண்டு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு விலை கிடைக்கும்.

காலப்போக்கில் கணக்கு நுட்பமானது. 2017-ல் ஸில்லோ 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்து, தன் மதிப்பீட்டைத் திருத்தித் தருமாறு உலகத்தையே அழைத்தது. 2019 தொடக்கத்தில் மொராக்கோ, கனடா, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளைச் சேர்ந்த மூவர் அணி பரிசைத் தட்டிச் சென்றது. அதே ஆண்டில் ஸெஸ்டிமேட் புகைப்படங்களையும் ‘பார்க்க’ ஆரம்பித்தது. சமையல் மேடை கிரானைட்டா, சாதாரணப் பலகையா என்று கணினியே கண்டுகொண்டது. 2021-ல் நரம்பு வலைப்பின்னல் முறைக்கு மாறியபோது, விற்பனைக்கு வராத வீடுகளின் நடு மதிப்புப் பிழை சுமார் 7 சதவீதம் என்று நிறுவனம் சொன்னது.

இந்த 7 சதவீதத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். பாதி வீடுகளில் பிழை இதற்குக் குறைவு. மீதிப் பாதியில் இதற்கு மேல். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 7 சதவீதம் என்பது 28,000 டாலர். ஆனால் வீடு ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்டிருந்தால் பிழை 2 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. வீடு அதே வீடு, கணினியும் அதே கணினி. இடையில் என்ன நடந்தது?

ஒரு தரகர் அந்த வீட்டுக்குள் போய்வந்திருக்கிறார், அவ்வளவுதான். கூரையைப் பார்த்து, தரைத்தள அறையில் ஈர வாடை அடிக்கிறதா என்று மோந்து, உரிமையாளரோடு பேசி ஒரு விலையைப் பட்டியலில் ஏற்றியிருக்கிறார். கணினி அந்த விலையையும் எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. தரகர் இல்லாமலே விலை தெரியும் என்ற தளத்தின் மிகத் துல்லியமான எண்கள், தரகர் எழுதிய விலையின் மீது ஏறி நிற்கின்றன. ஸில்லோ இதை மறைக்கவில்லை. இரண்டு பிழைகளையும் தனித்தனியாகவே வெளியிடுகிறது. படிப்பவர்கள்தான் கவனிப்பதில்லை.

நிறுவனமே அதைக் கவனிக்கத் தவறியது 2018-ல். அந்த ஆண்டு ‘ஸில்லோ ஆஃபர்ஸ்’ தொடங்கியது. கணினியின் மதிப்பை வைத்து நிறுவனமே ரொக்கத்துக்கு வீட்டை வாங்கும், சில்லறை மராமத்து பார்த்து விற்கும். அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரம் முதல் களங்களில் ஒன்று. போட்டி நிறுவனமான ‘ஓப்பன்டோர்’ 2014-லேயே அங்குதான் ஆரம்பித்திருந்தது. காரணம் இருக்கிறது: பாலைவனத்தில் அண்மைக் காலத்தில் வரிசை வரிசையாக எழுந்த, ஒரே அச்சில் வார்த்த வீடுகள். கணக்குக்கு வசதியான ஊர்.

ஆனால் இணையத்தில் வெறுமனே விலை சொல்வது வேறு, அந்த விலைக்குப் பணத்தை எண்ணி வைப்பது வேறு. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை இதை முன்பே விளக்கிவிட்டது. 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவும் அதுவே காரணம். விற்பவருக்குத் தன் பொருளின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. கணினி பத்து வீடுகளுக்கு விலை சொல்கிறது. ஐந்துக்குக் கூடுதல், ஐந்துக்குக் குறைவு என்று வைத்துக்கொள்வோம். சராசரியில் பிழையே இல்லை. ஆனால் குறைத்துச் சொல்லப்பட்ட ஐவரும் ‘வேண்டாம்’ என்று நகர்ந்துவிடுவார்கள். கூட்டிச் சொல்லப்பட்டவர்கள் உடனே கையெழுத்துப் போடுவார்கள். நிறுவனத்தின் கையில் சேர்வது அந்த ஐந்து வீடுகள்தான்.

2021-ல் அமெரிக்க வீட்டு விலை தறிகெட்டு ஏறியது. ஓப்பன்டோரை எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், கணினி சொன்ன விலையைத் திருத்தும் மனித மதிப்பீட்டாளர்களின் அதிகாரத்தை ஸில்லோ குறைத்துவிட்டதாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் மட்டும் அது வாங்கிய வீடுகள் 9,680, விற்றவை 3,032. விலை ஏற்றம் தணிந்ததும் கையில் கிடந்த சரக்கின் மதிப்பில் 30 கோடி டாலருக்கு மேல் குறைத்து எழுத வேண்டியதாயிற்று. நவம்பர் 2 அன்று பார்ட்டன் ‘ஸில்லோ ஆஃபர்ஸ்’ கடையை மூடுவதாக அறிவித்தார். ஊழியர்களில் நால்வரில் ஒருவருக்கு வேலை போனது.

தமிழ்நாட்டில் இப்படியொரு கணினி என்ன செய்யும் என்ற கேள்வி எழாமல் இருக்காது. பட்டா, புலப்படம், வில்லங்க விவரம் எல்லாம் இங்கே இணையத்தில் கிடைக்கின்றன. முன்பு சார்பதிவாளர் அலுவலக வாசலில் காத்திருந்து தெரிந்துகொண்டதைத் தரகர் இன்று டீக்கடையில் உட்கார்ந்தபடி கைபேசியில் பார்த்துவிடுகிறார். அந்த இடம் யார் பெயரில் இருக்கிறது, அடமானம் உண்டா என்பது தெரியும். ஆனால் என்ன விலைக்குக் கைமாறியது என்பது? பத்திரத்தில் எழுதும் தொகை அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி நிற்பது ஊரறிந்த வழக்கம். விற்பனைத் தளங்களில் இருப்பதோ கேட்கும் விலை. முடிந்த விலை தரகரின் நினைவில் இருக்கிறது. அதைக் கணினிக்கு ஊட்ட அவருக்கு என்ன அவசியம்? அமெரிக்காவிலேயே டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் விற்ற விலையைப் பொதுவில் அறிவிக்கும் கட்டாயம் இல்லை. அங்கும் உண்மை விலை கூட்டுப் பட்டியலுக்குள்தான்.

ஆகவே, தரகரை ஓரங்கட்ட வந்த கருவிகளைவிடத் தரகர் கையில் சேர்ந்த கருவிகளே நிலைத்தன. அமெரிக்கத் தரகர் காலி வீட்டின் சாவியைக் கதவருகே ஒரு சிறு பெட்டியில் பூட்டி வைக்கிறார். மற்றொரு தரகரின் கைபேசி புளூடூத் வழியே அதைத் திறக்கும். யார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதும் பதிவாகிவிடும். ‘மேட்டர்போர்ட்’ போன்றவற்றின் கேமராக்கள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அறைக்குள் வீசி, சுவர்களின் தூரத்தை அளந்து, வீட்டையே முப்பரிமாணத்தில் வார்த்துத் தருகின்றன. 2020-ல் கொரோனாவால் கதவுகள் அடைபட்டபோது இதற்குப் பெரும் கிராக்கி வந்தது.

எல்லாமே நேர்மையான கருவிகள் என்று சொல்லிவிட முடியாது. வெற்று அறைப் படத்தில் செயற்கை நுண்ணறிவு சோபாவும் விளக்கும் போடட்டும், பரவாயில்லை. அதே விரல் சொடுக்கில் சுவரின் விரிசலும் மறைந்துவிடும். கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி முதல், விளம்பரப் படத்தைத் திருத்தியிருந்தால் அதைச் சொல்லி, அசல் படத்தையும் பார்க்க வழி தர வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது.

ஸில்லோ இன்று என்ன செய்கிறது? வீடு பார்க்க நேரம் ஒதுக்கித் தரும் ‘ஷோயிங்டைம்’ மென்பொருள் நிறுவனத்தை 2021-ல் வாங்கியது. தரகர்கள் தங்கள் வாடிக்கையாளர்களைத் தொடர்ந்து கவனிக்க உதவும் ‘ஃபாலோ அப் பாஸ்’ நிறுவனத்தை 2023-ல் வாங்கியது. ரொக்கத்துக்கு வீட்டை விற்க விரும்புவோரை, ஒருகாலத்தில் துரத்திப் பிடிக்க நினைத்த அதே ஓப்பன்டோரிடம் அனுப்பி வைக்க 2022-ல் ஒப்பந்தம் போட்டது. அதன் வருமானத்தில் பெரும்பங்கு வருவது தரகர்களிடமிருந்து.