மொய் விருந்தும் டயாலிசிஸ் பயணமும்

2024 ஆகஸ்டில், வயநாட்டு நிலச்சரிவு நடந்த சில நாட்களில், திண்டுக்கல் முஜிப் பிரியாணி உணவகத்தில் மொய் விருந்து வைத்தார்கள். பில் கிடையாது. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, மனமுவந்ததை மொய்யாக வைத்தார்கள். சேர்ந்த பணம் வயநாட்டு மக்களுக்கு. புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் குடும்பங்கள் நடத்தும் வழக்கத்தை ஓர் ஓட்டல் பொதுக்காரியத்துக்கு எடுத்துக்கொண்டது மனசுக்கு நிறைவாக இருந்தது.

அதே விருந்து திண்டுக்கல் மாவட்டத்துச் சாணார்பட்டியிலும் நடக்கவேண்டும், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்காக நடக்கவேண்டும் என்பது என் ஆசை. 1957-இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை போட்ட காலத்திலிருந்து பிரியாணியால் பேர் வாங்கிய மாவட்டம் இது. சமைக்க ஆளுக்கா பஞ்சம்?

மருத்துவம் இலவசம், வழிச்செலவு?

சிறுநீரகம் முற்றிலும் கெட்டுப்போனவருக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காதவரை இது நிற்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை இலவசம். பெரிய ஆறுதல்தான். ஆனாலும் குடும்பங்கள் கடனாளியாகின்றன. ஏன்?

சாணார்பட்டிப் பக்கத்துக் குக்கிராமம் ஒன்றிலிருந்து நத்தம் ரோட்டுக்கு வந்து, பஸ் பிடித்துத் திண்டுக்கல் போகவேண்டும். போகும்போது எப்படியோ போய்விடலாம். நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரித்து முடிந்ததும் பலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கால் பிடித்திழுக்கும். கூட்டப் பஸ்ஸில் நின்று வர முடியாது, ஆட்டோதான். துணைக்கு வரும் மகனோ மனைவியோ அன்றைய கூலியை இழக்கிறார்கள். வாரம் மூன்று முறை என்றால் மாதத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் அப்படியே போகின்றன. செலவுக்குப் பயந்து ஒரு முறையைத் தவிர்த்தால் உடம்பில் நீர் கோக்கும், மூச்சு முட்டும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுபோகலாம். விருந்துப் பணம் முதலில் இந்த வழிச்செலவுக்குத்தான் போகவேண்டும்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில், மகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக மருத்துவமனையே கதியாகக் கிடந்தார் ஃப்ரெட் ஹில் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர். அவர் அணியினரோடு சேர்ந்து மெக்டொனால்ட்ஸ் கடைகள் ஒரு பால் பானத்தை விற்றுப் பணம் திரட்டின. அதில் 1974-இல் உருவானது வெளியூர்க் குடும்பங்கள் தங்குவதற்கான வீடு. நீண்டநாள் நோயில் குடும்பம் எங்கே நொடிக்கிறது என்று பார்த்துக் கொடுத்த பணம் அது.

மொய் நோட்டு

நிலச்சரிவுக்கு ஒரே நாள் வசூல் பொருந்தும். இந்த நோய்க்குப் பொருந்தாது. வந்த தொகையை மொத்தமாக நீட்டிப் படம் எடுத்துக்கொள்வதைவிட, மாதம்தோறும் போக்குவரத்துப் பணமாகக் கொடுப்பதே பயன் தரும். வருஷம் ஒருமுறை விருந்து, மாதம் ஒருமுறை பட்டுவாடா. மொய் நோட்டில் வரவு எழுதுவதுபோல் செலவையும் எழுதி ஊர் பார்க்க வைக்கலாம். நோயாளியின் பெயரை மட்டும் எழுதவேண்டாம். அவர் படத்தை ஃபிளெக்ஸில் போடுவதும் மேடையேற்றுவதும் எனக்கு அறவே பிடிக்காத வேலை. கல்யாண வயதில் பெண் இருக்கும் வீடாக இருந்தால் அந்தப் படம் எத்தனை காலம் துரத்தும்!

இலையில் கவனம்

விருந்துக்கு வரும் டயாலிசிஸ் நோயாளிக்கு உப்பு குறைத்த சாப்பாடு தனியாக இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம் வேண்டாம். தாகத்துக்கு இளநீர் கொடுப்பது நம் பக்கத்து உபசாரம். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஆபத்து. மாம்பழமும் அப்படித்தான். தோட்டத்துப் பழம் என்று அன்போடு வற்புறுத்தாதீர்கள்.

பந்திக்குப் பக்கத்தில் ஒரு மேசை

சிறுநீரகம் கெடுவது வெளியே தெரியாது. கால் வீங்கி, பசி போய், குமட்டல் வரும்போது பெரும்பகுதி போயிருக்கும். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் பெரும்பாலும் காரணம். மேல்வலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவதும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எனவே விருந்து நாளில் பந்திக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைக்கலாம். பட்டையை நனைத்து நிறம் பார்க்கும் இந்தச் சோதனையை, சிறுநீரகப் பாதுகாப்புக்கென்று 2023-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ் அங்கே செய்கிறார்கள். புரதம் தெரிந்தால் அதுவே முடிவல்ல. காய்ச்சலிலும் அப்படிக் காட்டும். மறுபடி சோதித்து, ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கவேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் வருஷம் ஒருமுறையாவது இரண்டையும் பார்த்துக்கொள்ளவேண்டும், விருந்து நடந்தாலும் நடக்காவிட்டாலும்.