அன்றும் பெருவிரல், இன்றும் பெருவிரல்!

சென்ற மாதம் சங்க வேலையாக ஒரு செம்பனைத் தோட்டத்துக்குப் போயிருந்தோம். காலைப் பெரட்டு முடிந்து ஆட்கள் வேலைக்காட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். குலை வெட்டும் தோழர் ஒருவர் மட்டும் ஆபீஸ் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"என்ன அண்ணே, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டோம்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "தம்பி, இது சங்கத்துல சொல்லக்கூடிய விஷயமான்னு தெரியல. மகளுக்குக் காலேஜ் பணம் கட்ட வச்சிருந்தேன். 2,480 வெள்ளி போயிடுச்சு" என்றார். குரல் உடைந்துவிட்டது.

நடந்தது இதுதான். வீட்டுக்கு இணைய லைன் கொடுத்திருக்கும் கம்பெனியின் பெயரில் அவருடைய மின்னஞ்சலுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. சின்னமும் நிறமும் அச்சு அசல். 'சென்ற மாதப் பணம் வந்து சேரவில்லை. 24 மணி நேரத்தில் லைன் துண்டிக்கப்படும். பாக்கி 12 வெள்ளி 50 காசை இங்கே அழுத்திக் கட்டவும்' என்று எழுதியிருந்தது. அந்த மாதம் இவர் இரண்டு நாள் தாமதமாகக் கட்டியது உண்மை. பையனுக்கோ எஸ்.பி.எம். தேர்வு நேரம். லைன் போனால் படிப்பு என்னாவது? பதறிப்போய் அழுத்திவிட்டார்.

திறந்த பக்கத்தில் வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது, கொடுத்தார். அட்டையின் முதுகில் இருக்கும் 3 எண்களைக் கேட்டது, அதையும் கொடுத்தார். உடனே வங்கியின் ஆப்பில் 'சம்மதமா?' என்று வந்தது. பெருவிரலை வைத்தார். அந்தத் திரையில் இருந்த தொகை 12 வெள்ளி 50 காசு அல்ல, 2,480 வெள்ளி. அதை அவர் படிக்கவே இல்லை.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் திறந்தார்களே மூன்றாம் கணக்கு, அதிலிருந்து எடுத்து வைத்த காசு அது. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு ஏறக்குறைய ஒன்றரை மாத வேர்வை!

தூண்டில்காரன் தந்திரம்

இவர் தாமதமாகக் கட்டியது அந்தத் திருடனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது, தோழர்களே. ஒரே கடிதத்தை ஆயிரக்கணக்கான பேருக்கு அனுப்புகிறான். அதில் நாலு பேராவது பில் பாக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்கு அது தங்களுக்கென்றே எழுதிய கடிதமாகத் தோன்றும். இன்று இணையக் கம்பெனி பெயரில் வரும். நாளை மின்சாரம், நாளை மறுநாள் பார்சல் என்று வரும். 'உங்கள் மின்னஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டது, மூடப்போகிறோம்' என்றும் வரும்.

இன்னொன்று. எழுத்துப் பிழை இருந்தால் பொய்க் கடிதம் என்று முன்பு சொல்வார்கள். இப்போது அதை நம்ப முடியாது. கம்ப்யூட்டரே பிழையில்லாமல் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கிறது.

எதைப் பார்ப்பது?

அனுப்பியவர் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெயரை அழுத்தினால் முழு முகவரி தெரியும். 'ஏ' எழுத்தைச் சுற்றி வட்டம் போட்ட குறி ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் உள்ளதை உண்மையான பழைய பில்லோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் சுழியமும், 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் உட்கார்ந்திருக்கும். முகவரி சரியாகவே இருந்தாலும் முழுக்க நம்பிவிட வேண்டாம். அதையும் பொய்யாகப் போட வழி உண்டு. பக்கத்தின் மேலே பூட்டுப் படம் இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம். திருடன் வீட்டுக் கதவிலும் பூட்டு இருக்கும்.

எந்தக் கடிதம் அவசரப்படுத்துகிறதோ அதைக் கீழே வையுங்கள். 'இன்றே, இப்பொழுதே, 24 மணி நேரத்தில்' என்பதெல்லாம் நம்மை யோசிக்க விடாமல் செய்யும் வேலை. பதறாத காரியம் சிதறாது.

இவ்வளவும் நினைவில் நிற்காது என்பவர்கள் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். கடிதம் காட்டும் வழியில் போகாதீர்கள், உங்களுக்குத் தெரிந்த வழியில் போங்கள். பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள். கம்பெனியின் ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள். டவுனுக்குப் போகும்போது அவர்கள் கடையிலேயே கேளுங்கள். பாக்கி உண்மையானால் அங்கேயும் தெரியும்.

அக்காலத்தில் நம் பாட்டன்மார் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்துக் கெட்டார்கள். 'படிக்காத தாளில் ரேகை வைக்காதே' என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். இப்போது தாள் போய்க் கண்ணாடித் திரை வந்துவிட்டது. பெருவிரல் அதேதான். சம்மதம் என்று அழுத்துமுன் எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்று படியுங்கள். கண் தெரியாவிட்டால் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

ஏமாந்துவிட்டால்?

நம் தோழர் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. "ஊரு சிரிக்குமே தம்பி" என்றார். அதுதான் பெரிய நஷ்டம். திருடப்பட்ட பணம் கைக்குக் கை மாறி ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடி மறையுமுன் மறிக்க வேண்டும்.

அதற்காகத்தான் 2022 அக்டோபரில் தேசிய மோசடித் தடுப்பு மையம் அமைத்தார்கள். போலீசும் பேங்க் நெகாராவும் வங்கிகளும் அதில் ஒன்றாக வேலை செய்கின்றன. எண் 997. ஏமாந்தது தெரிந்த நிமிடமே வங்கிக்கும் இந்த எண்ணுக்கும் கூப்பிடுங்கள். பல வங்கிகளின் ஆப்பில் கணக்கை உடனே முடக்கும் பொத்தானும் இருக்கிறது. பிறகு போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ரகசியச் சொல்லைக் கொடுத்திருந்தால் மாற்றுங்கள். மின்னஞ்சலின் ரகசியச் சொல்லை முதலில் மாற்றுங்கள். அது அவன் கையில் இருந்தால் மற்ற கணக்குகளின் சாவியையும் அதன் வழியே எடுத்துவிடுவான்.

தோழரை அன்றே அழைத்துப் போய் ரிப்போர்ட் செய்தோம், வங்கிக்கும் எழுதிக் கொடுத்தோம். இன்னும் பதில் இல்லை. பணம் திரும்பும் என்று நாம் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் மறுவாரம் அவர் செய்த காரியத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். பெரட்டில் எல்லாருக்கும் முன்னால் நின்று, தான் ஏமாந்த கதையைத் தானே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு இரண்டு பேர் மெல்ல வந்து, "எனக்கும் இதே மாதிரி கடிதம் வந்திருக்கண்ணே, இன்னிக்குக் கட்டலாம்னு இருந்தேன்" என்று கைப்பேசியை நீட்டினார்கள்.

இதை உங்கள் லயத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். 997 என்ற எண்ணைக் கதவுக்குப் பின்னால் எழுதி வையுங்கள்.