இனிப்பே தெரியாத பூனைக்குச் சர்க்கரை நோய் எப்படி வருகிறது?

சிதம்பரம் கீழவீதியில் வாங்கிய கற்கண்டையும் கடலூர்த் துறைமுகத்து மத்தியையும் பூனை முன் வைத்துப் பாருங்கள். கற்கண்டைச் சீண்டாது. இனிப்பை உணரும் மரபணு பூனைக்குப் பழுதாகிக் கிடப்பதை 2005இல் கண்டறிந்தார்கள்.

அப்புறம் எப்படிச் சர்க்கரை?

வீராணம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருந்தால் போதுமா? மதகு திறந்தால்தானே வயலுக்குப் பாயும்! ரத்தம்தான் ஏரி; சர்க்கரைதான் தண்ணீர்; உடல்தான் வயல்; மதகைத் திறக்கும் கைதான் இன்சுலின். வயதான, குண்டுப் பூனைக்கு மதகு துருப்பிடிக்கிறது. திறக்கும் கையும் ஓய்கிறது. ஏரி தளும்ப, வயல் காய்கிறது. வயிறாரத் தின்றும் பூனை மெலிவது இதனால்தான்.

தளும்பினால்? கலிங்கு வழியும். இங்கே கலிங்கு, சிறுநீரகம். டெசிலிட்டருக்கு 250–300 மில்லிகிராமைத் தாண்டும் சர்க்கரை, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு சிறுநீரில் போய்விடும். பூனை கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கும். மணல் தட்டில் ஈரக்கட்டிகள் பெருகும். பின்னங்கால் குதி தரையில் பட நடந்தால், நரம்பும் அடிபட்டிருக்கலாம்.

இன்னொரு வேடிக்கை: கூடையில் அடைத்து மருத்துவரிடம் தூக்கிப்போகும் பயத்திலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறிவிடும்! அதனால்தான் சில வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் சோதனை.

பெரும்பாலும் 12 மணிக்கொருமுறை இன்சுலின் ஊசி. தளர்ந்த தோலைத் தூக்கிக் குத்தினால், தட்டில் முகம் புதைத்த பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. தயிர்சோறு குறையட்டும், மீனும் கறியும் கூடட்டும். சாப்பிடாத வேளையில் ஊசி போடுமுன் மருத்துவரைக் கேளுங்கள். ஊசியால் சர்க்கரை மிகவும் இறங்கித் தள்ளாடினால் ஈறில் தேன் தடவிக்கொண்டே அவரிடம் ஓடுங்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால், சில பூனைகளுக்கு ஊசியே தேவைப்படாமல் போவதும் உண்டு.