உங்களுக்குத் தெரியுமா? விளிம்பில் வெடிக்கும் சிறு ரவை

இலக்குச் சுடும் போட்டிகளுக்குரிய 5.6 மில்லிமீட்டர் ரவையில், அடிபட்டால் தீப்பற்றும் மருந்து கோதின் அடி நடுவிலன்றி அதன் மடிந்த விளிம்பினுள் பூசப்பட்டிருப்பதால், விசையை அழுத்தியதும் துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்க, மருந்து பற்றிக் குண்டு பாய்கிறது. பின்னுதைப்பும் ஓசையும் குறைவாதலால் பொழுதுபோக்காகச் சுடுவோரும் இதனை விரும்புகின்றனர். எனினும், போட்டியில் இதனால் குறி தவறாமல் சுடுவது எளிதன்று; 50 மீட்டர் ரைபிள் இலக்கில் 10 புள்ளி தரும் வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டரே. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் இலங்கையின் மங்கள சமரகோன் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் பங்கேற்க, இந்தியாவின் விஜய் குமார் இதே வகை ரவையால் 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கையெங்கும், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய துப்பாக்கியை வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும்.